ஆமாம், கொழும்பில்தான் ஸ்வெட்டர் பின்னுகிறேன்

நான் பின்னிக்கொண்டிருக்கிற ஸ்வெட்டரின் படத்தைச் சனிக்கிழமை இங்கே போட்டேன். அதற்குக் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த கொமெண்டை நான் அழிக்கவும் இல்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். "கொழும்பு வெயிலுக்கு ஸ்வெட்டரோ? வேலை வெட்டி இல்லாட்டி இப்பிடித்தான்." அதற்கு 43 சிரிப்பு முகங்கள். எண்ணினேன். பின்னலில் கண்ணிகளை, அதாவது ஊசியில் இருக்கிற நூல் வளையங்களை, எண்ணி எண்ணி வந்த வியாதி அது.

பகிடி பகிடிதான். எனக்கும் சிரிக்கத் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கையில் பின்னல் ஊசி இருக்கிறது என்பதற்காக நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. காலை எட்டரைக்கு ஒஃபிஸில் இருக்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடித்து வெள்ளவத்தையில் பஸ் விட்டு இறங்கும்போது இரவு எட்டு மணி. சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகு கிடைக்கிற முக்கால் மணித்தியாலத்தில்தான் இந்த "வேலை வெட்டி இல்லாத வேலை" நடக்கிறது. அந்த முக்கால் மணித்தியாலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என் படத்துக்குக் கீழே கொமெண்ட் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சரி, முதலில் வெயில் விஷயம்.

கொழும்பில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கிறவர்கள் என் ஒஃபிஸுக்கு ஒருநாள் வரவேண்டும். ஏசியை 18-இல் வைத்துவிட்டு ரிமோட்டை மேலதிகாரியின் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிரிவில் ஐந்து பெண்கள் கதிரையின் பின்னால் ஸ்வெட்டர் தொங்கவிட்டிருக்கிறோம். அது போகட்டும். நான் ஹட்டனில் பிறந்தவள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் துகள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதை ஒவ்வொரு வருடமும் செய்தியில் வாசித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று பகிர்கிறவர்கள்தான், இலங்கையில் ஸ்வெட்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறிக்கிற கைகளுக்குக் குளிராது என்று நினைப்பு போலிருக்கிறது.

அதைவிட, இந்த ஸ்வெட்டர் கொழும்பில் போட அல்ல என்று படத்திலேயே எழுதியிருந்தேன். வாசிக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி மகனுக்கு. அங்கே சில இரவுகளில் மைனஸ் 20 வரைக்கும் போகும். கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் பனி கொட்டுகிற ஊரில் அந்த வீட்டுக்கு ஓர் ஆள் இருக்கும். சிரித்த 43 பேரில் முக்கால்வாசிப் பேருக்கும் இருக்கிறார்கள். அங்கே விடிந்துவிட்டதா என்று பார்த்து ஃபோன் எடுக்கிறவர்கள் நீங்கள். அங்கே குளிருமா என்று யோசிப்பது மட்டும் பகிடியா?

பையனுக்குப் பதினேழு வயது. கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற ராக்லான் வகை, கழுத்தில் இருந்து அக்குள் வரை சரிவாகக் கை சேர்கிறது. அதைத் தெரிந்துதான் எடுத்தேன். வளர்கிற பிள்ளைக்குக் கையையும் உடம்பையும் கடைசியில் நீட்டிக்கொள்ளலாம். வட்ஸ்அப் வீடியோவில் தம்பி அளவுநாடாவைப் பிடிக்க, அவன், "அத்தை, போன முறையும் இதைத்தானே அளந்தீங்க" என்கிறான். போன முறையைவிட இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது. ஸ்வெட்டர் வளர்கிற வேகத்தைவிடப் பிள்ளை வளர்கிற வேகம் கூட. அதுதான் பதினாலு மாதம் ஆனதன் காரணம். சோம்பல் இல்லை.

பதினாலு மாதமா என்று வாயைப் பிளந்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மார்புச் சுற்றளவு 100 சென்ரிமீற்றர். என் கைக்கு 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணி வரும், 10 சென்ரிமீற்றர் உயரத்தில் 30 சுற்று ஏறும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 220 கண்ணி. அக்குளில் இருந்து விளிம்பு வரை 40 சென்ரிமீற்றர், 120 சுற்று. பெருக்கிப் பாருங்கள், 26,400. இது வெறும் உடம்புக்கு மட்டும். கழுத்து இல்லை, தோள் இல்லை, இரண்டு கை இல்லை. நிமிடத்துக்கு 25 கண்ணி என்றால் இதற்கே பதினேழரை மணித்தியாலம். "இதையே ஒரு பிஸ்னஸா செய்யலாமே" என்று அன்பாகச் சொன்ன மூன்று பேரும் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன விலை போடலாம் என்று சொன்னால் நல்லது. புறக்கோட்டையில் இரண்டாயிரத்துக்கு ஸ்வெட்டர் வாங்கலாம் என்று நாலாவதாக ஒருவர் சொல்லியிருந்தார். வாங்கலாம். வாங்குங்கள். யார் வேண்டாம் என்றது?

டொலர் இல்லாத நாட்டில் வெளிநாட்டு மெரினோ ஆட்டுக் கம்பளி நூல் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்விதான். இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.

பின்னலில் தப்பே விடாதவள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. முதல் ஸ்வெட்டரை என் வீட்டுக்காரருக்குப் பின்னினேன். முதலில் ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்க்கவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எனக்கு அவசரம், பார்க்கவில்லை. 22 வரும் என்று நினைத்த இடத்தில் 20 வந்திருக்கிறது. இரண்டே கண்ணி. ஆனால் 100 சென்ரிமீற்றர் 110 ஆகிவிட்டது. நுவரெலியாவுக்குப் போனபோது மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு கிரகரி வாவியைச் சுற்றி நடந்தார். உள்ளே இன்னொருவர் குடியிருக்க இடம் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் படத்தில் ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் கசங்கிக் கிடந்ததை "கொசுவலை" என்று சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. அது லேஸ் சால்வை. ஃபெதர் அண்ட் ஃபேன் என்று ஸ்கொட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளின் பழைய பின்னல் வகை. பதினெட்டுக் கண்ணிக்கு ஓர் அலை. முதலில் இரண்டிரண்டு கண்ணியை ஒன்றாக மூன்று தரம் சேர்க்கவேண்டும், பிறகு ஆறு தரம் நூலை ஊசிக்கு மேலே சுற்றி ஒவ்வொரு கண்ணி, பிறகு திரும்பவும் இரண்டிரண்டாக மூன்று தரம். குறைத்ததும் கூட்டியதும் சரிக்குச் சரி. எங்காவது ஒரு தரம் நூலைச் சுற்ற மறந்தால் பதினேழு. அந்த ஒன்று எங்கே தொலைந்தது என்று தேடிக்கொண்டு போன மாதம் ஒருநாள் இரவு ஒரு மணி வரை இருந்தேன். பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளுக்குள் கோத்து வைப்பேன். தப்பு வந்தால் அதுவரைக்கும் பிரித்தால் போதும், மிச்சம் தப்பிக்கும். அன்றைக்குக் கோக்க மறந்திருந்தேன்.

லேஸ் ஊசியில் இருக்கும்வரை கசங்கிய துணி மாதிரித்தான் இருக்கும். நனைத்து, பிழிந்து, விரிப்பில் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் ஓட்டை எல்லாம் திறக்கும். கொழும்பில் அதற்கு இரண்டு நாள் வேண்டும், ஃபேனுக்குக் கீழே. மழைக் காலம் என்றால் மூன்று நாள், இல்லாவிட்டால் பூஞ்சண மணம். நாங்கள் இருப்பது கடலுக்குப் பக்கம், ரயில் பாதையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அம்மாவின் பழைய இரும்பு ஊசிகள் இந்த உப்புக் காற்றில் ஒன்றரை வருடத்தில் துருப்பிடித்து வெள்ளை நூலில் கோடு போட்டுவிட்டன. கை வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது. ஆக, கொழும்பு வெயிலுக்கும் பின்னலுக்கும் பொருந்தாது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"லேஸ் வேண்டுமென்றால் காலிக்குப் போய் பீரலு வாங்கலாமே" என்றும் ஒரு யோசனை. பீரலு வேறு, இது வேறு. அது தலையணையில் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. வெலிகமையில் வயதான ஓர் அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டைகள் ஒன்றோடு ஒன்று தட்டுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவரிடம் போய் "வேலை வெட்டி இல்லையோ" என்று கேட்பீர்களா? கேட்கமாட்டீர்கள். சுற்றுலாப் பயணி மாதிரி நின்று படம் எடுப்பீர்கள். அதுவே வெள்ளவத்தை அப்பார்ட்மென்டில் உங்களுக்குத் தெரிந்த ஒருத்தி செய்தால் சிரிப்பு முகம்.

2022-இல் கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் போன காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது இருட்டில் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டரின் கை முழுவதையும் பின்னினேன். வெறும் பின்னலுக்குக் கண் தேவையில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். கேஸ் வரிசையில் சிலிண்டர் மேல் உட்கார்ந்தும் பின்னியிருக்கிறேன். பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் "மொனவத கொதன்னே?", என்ன பின்னுகிறீர்கள் என்று கேட்டார். தம்பி மகனுக்குத் தொப்பி என்றேன். வாங்கித் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன ஒரு கண்ணியைத் தன் தலைக் கொண்டை ஊசியால் தூக்கித் தந்தார். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றோம், கேஸ் கிடைக்கவில்லை. அந்த மனுஷிக்கு என்னைப் பார்த்து வேலை வெட்டி இல்லாதவள் என்று தோன்றவில்லை.

ஒரு டெஸ்ட் கிரிக்கெட் மெட்ச்சை ஐந்து நாள் சோஃபாவில் சாய்ந்து பார்க்கிற ஆண்பிள்ளையிடம் யாராவது இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறார்களா? கேட்டால் அது "ரிலாக்ஸ்". நான் அதே சோஃபாவில், அதே மெட்ச்சைப் பார்த்துக்கொண்டு, கையில் ஒரு பொருளையும் செய்து முடித்தால் அது வேலை வெட்டி இல்லாமை. இதை எழுதும்போது கோபம் வருகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள்.

ஏனென்றால் அந்த 43-இல் சில பெயர்கள் எனக்குத் தெரிந்த பெயர்கள். ஒருவருடைய பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தலையில் இருந்த மஞ்சள் தொப்பி என் கையால் பின்னியது. அந்தப் படம் இன்னும் அவருடைய பக்கத்தில் இருக்கிறது. நேற்றிரவு போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

அம்மா ஹட்டனில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பின்னுவார். எங்கள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூட ஸ்வெட்டர் அவர் கையால்தான், கடும் நீலம், கழுத்து மட்டும் எப்போதும் கொஞ்சம் இறுக்கம். கண்ணில் புரை விழுந்த பிறகும் விடவில்லை. கடைசியாகத் தொடங்கியது சாம்பல் நிற ஸ்வெட்டர், வலது கை முழங்கை வரைக்கும் வந்து நிற்கிறது. என் அலுமாரியில், வேப்பிலையும் வசம்பும் போட்ட பையில் இருக்கிறது. மிச்சத்தை முடித்துவிடலாமே என்று நல்ல மனதோடு பலர் சொன்னார்கள். முடியாது. அம்மாவின் கை இறுக்கம், அவருக்கு 24 கண்ணி வருகிற இடத்தில் எனக்கு 22. நான் தொடங்கிய இடத்தில் ஒரு கோடு தெரியும், துணி திடீரென்று அகலும். இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் பிரித்துவிட்டேன். சின்ன ஊசியில் பின்னினால் சரிவரும் என்று பின்னுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். செய்யவில்லை.

இதை எல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வெயிலைப் பற்றித்தான் தொடங்கினேன்.

அப்புறம், நிறம் வேறுபடுகிறது என்று அக்கறையோடு சுட்டிக்காட்டியவருக்கு: ஆமாம், இடது கை ஒரு பொடி வெளிறித்தான் இருக்கிறது. நூல் பாதியில் முடிந்துவிட்டது. திரும்ப வாங்கும்போது அதே சாயத் தொகுதி, அதாவது அதோடு ஒரே தடவையில் சாயம் போட்ட நூல், கிடைக்கவில்லை. பழையதில் இரண்டு சுற்று, புதியதில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் போட்டு மறைத்திருக்கிறேன். 43 பேரில் அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களோடு மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

இடது கையில் இன்னும் 38 சுற்று இருக்கிறது, மணிக்கட்டு விளிம்பு வேறு. நவம்பருக்குள் பார்சல் போகவேண்டும். போவதற்குள் அவன் இன்னொரு அங்குலம் வளர்ந்துவிட்டால் அவிழ்த்து நீட்டுவேன், அது என் பாடு.

முதலில் அந்த கொமெண்டைப் போட்டவருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் அம்மா போன கிழமை இன்பொக்ஸில் தனக்கு ஒரு லேஸ் சால்வை கேட்டிருக்கிறார். கொசுவலை மாதிரியேதான் வேண்டுமாம். நிறம் சொல்ல மறந்துவிட்டார், கேட்டுச் சொல்லுங்கள்.