வாசல்ல பன்னீர், கவுண்டர்ல வெந்நீர்

அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்னுடையது. போன ஆவணியில் ஒரு வேன் பிடித்து பதினாலு பேர் கோபியிலிருந்து கோயமுத்தூருக்குச் சேலை எடுக்கப் போனோம். கடை பேர் வேண்டாம். வாசலிலேயே இரண்டு பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம், குங்குமம், ஒரு தட்டு நிறையக் கல்கண்டு. மேலே போனால் வயசானவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, எல்லாருக்கும் காபி, பொடுசுகளுக்குப் பலூன். சேலை விரித்த பையன் பாவம், எங்க வீட்டுப் பெண்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகம் மாறாமல் பதில் சொன்னான். "கல்யாண ஊட்டுக்கு வந்த மாதிரியே இருக்குது சாமி" என்றாள் எங்க அம்மா.

அது பணம் கட்டுகிற வரைக்கும்தான். பில் போட ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, பொருள் வாங்க இன்னொரு வரிசை. மூணும் முடிந்து வெளியே வந்தால், செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணி, பில்லில் ஓட்டை போட்டார். காலையில் பன்னீர் தெளித்த அதே வாசல். எழுபத்தாறு வயசு அம்மா கட்டைப்பையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தால், ஒரு சேலையில் முந்திக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டுப்போயிருந்தது. தறியில் வருகிற கோளாறு. யார் மேலும் கோபப்பட ஒன்றுமில்லை. நாலாவது நாள் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் வந்த முதல் கேள்வி: "கட்டிப் பாத்தீங்களா?" அடுத்தது: "பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்குமே சார், படிக்கலையா?" அப்புறம் மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். வந்தவர் போனில் இருந்தார். இரண்டு மணி நேரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு நேர் எதிரே, வாடிக்கையாளர்தான் நம் கடைக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்று காந்தி சொன்னதாக ஒரு போர்டு. (காந்தி அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அது வேறு விஷயம்.)

கடைசியில் மாற்றித்தான் கொடுத்தார்கள். என் ஆத்திரமே அங்கேதான். சேலைக்கான நஷ்டமும் கடைக்கு, கெட்ட பேரும் கடைக்கு. அதே சேலையை முதல் நிமிஷமே "அடடா, குடுங்க பார்க்கலாம்" என்று வாங்கியிருந்தால் செலவு ஒரு பைசாகூட ஏறியிருக்காது. நானும் இன்றைக்கு இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்தில் அச்சடித்தால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்று எத்தனை முதலாளிகள் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ.

இது ஆறி ஒரு மாசம்கூட ஆகவில்லை, எங்க வியாபாரிகள் சங்கத்தில் அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். வாடிக்கையாளரை அசத்துவது எப்படி என்பது தலைப்பு. பயிற்சியாளர் கோட் போட்ட இளைஞர். 'வாவ்' என்ற சொல்லைக் காலையிலேயே இருபது தடவை சொல்லிவிட்டார். பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் வாழ்த்து அனுப்புங்கள், வாசலில் செல்பி எடுக்க இடம் வையுங்கள், இந்த வகை. நான் விற்பதும் பழுது பார்ப்பதும் தண்ணீர் மோட்டார். மோட்டாருக்குள் கம்பிச்சுருள் (காயில்) எரிந்து வருகிற சம்சாரி, அதாவது விவசாயி, செல்பி எடுப்பானா என்று பக்கத்தில் இருந்த உரக்கடைக்காரர் என் காதில் கேட்டார்.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தத் தம்பி இரண்டு நல்ல விஷயம் சொன்னார். நாள் முழுக்க இதையே சொல்லியிருக்கலாம்.

முதலாவது, டேனியல் கானமன் என்ற உளவியல்காரர். 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர். 1993இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு சோதனை. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீரை 15 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றினார்கள். அப்பவும் குளிர்தான், ஆனால் ஒரு சுற்றுக் குறைவு. இதில் எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமானதைக் கேட்டார்களாம். மொத்தத்தில் அதிக நேரம் வலித்தது அதில்தான். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. மனசு மொத்தத்தையும் கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. உச்சத்தில் எப்படி இருந்தது, கடைசியில் எப்படி முடிந்தது, இந்த இரண்டைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க அம்மா கட்டைப்பையோடு நின்ற வாசல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எத்தனை மணி நேரம் ராஜ உபசாரம்! வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும்.

நோபல் வாங்கியவர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்றும் தோன்றியது. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தால் நம்ம பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? வரும்போது "வாங்க, தண்ணி குடிங்க". அவ்வளவுதான். கிளம்பும்போதுதான் கூத்தே. செருப்பு மாட்டிய பிறகு ஒரு அரை மணி நேரம் பேச்சு. மரத்தில் நாலு முருங்கைக்காய் பறிப்பார்கள், வேண்டாம் வேண்டாம் என்னும்போதே பையில் இரண்டு தேங்காய் விழும். தடத்து முக்கு வரைக்கும் கூடவே நடந்து வந்து, பஸ் ஏறுகிறவரை நிற்பார்கள். போகிறவரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார், "வர்றனுங்க" என்பார். காய்கறிக்காரம்மா கடைசியில் போடும் கொசுறும் இதே கணக்கு. கறிவேப்பிலை ஒரு கொத்து, அதை முதலில் கொடுத்தால் என்ன மதிப்பு?

பெரிய கடைகள் கொசுறை நிறுத்தியதோடு விடவில்லை. கடைசியில் பைக்குக் காசு கேட்க ஆரம்பித்தன. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது நல்லதுதான். ஆனால் எட்டாயிரத்துக்குத் துணி எடுத்தவனிடம், கடை பேர் பெரிசாக அச்சடித்த பைக்குப் பத்து ரூபாய்! உங்கள் விளம்பரத்தைத் தூக்கிச் சுமக்க நான் காசு கொடுக்க வேண்டுமாம். அதே 2019இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம், மூணு ரூபாய் பைக்காக ஒரு செருப்புக் கம்பெனியை 9,000 ரூபாய் கட்ட வைத்தது. படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது.

பயிற்சியில் கேட்ட இரண்டாவது விஷயம் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்காரர்களுடையது. அங்கே ஒரு விருந்தாளியின் குறையைத் தீர்க்க, சாதாரண ஊழியரே மேலே யாரையும் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவு பண்ணலாம். மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நம்ம கடைகளில் ஒரு கவர் கூடுதலாகக் கொடுக்கவே சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும்.

அந்தச் சேலைக்கடைக் கவுண்டரில் இருந்த பிள்ளையை நான் திட்டவில்லை. அவளுக்கு மாற்றிக்கொடுக்கிற அதிகாரம் இல்லை, மறுக்கிற அதிகாரம் மட்டும் உண்டு. அதைத்தான் அவள் பயன்படுத்தினாள். பன்னீர்ச் செம்புக்கும் பலூனுக்கும் ஆகிற காசில் அவள் கையில் ஓர் ஆயிரம் ரூபாய் முடிவைக் கொடுத்திருந்தால் போதும்.

இங்கே எங்க அய்யனைப் (அப்பாவை) பற்றிச் சொல்ல வேண்டும். கோபியில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிற வைண்டிங் கடையை ஆரம்பித்தது அவர்தான். வாடிக்கைக்காரரைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. "என்ன போச்சு?" இதுதான் வரவேற்பு. கடைக்குள் பெஞ்சில் எப்பவும் வார்னிஷ் ஒட்டும். ஆனால் இரண்டு விஷயத்தில் ரொம்பக் கறார்.

ஒன்று, பழைய காப்பர். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் வருகிற கம்பிக்கு நல்ல விலை உண்டு. நம்ம தொழிலில் சண்டை வருவதே அதில்தான். அய்யன் சம்சாரி வருகிறவரை பிரித்த கம்பியைத் தொட மாட்டார். அவர் கண் முன்னால் தராசில் வைத்து, எடையைச் சீட்டில் எழுதி, "காசாக் கழிச்சுக்கறீங்களா, கம்பியாவே எடுத்துக்கறீங்களா?" என்று கேட்பார்.

இன்னொன்று, திரும்பி வருகிற மோட்டார். கட்டிக் கொடுத்து ஒரு மாசத்தில் மறுபடி எரிந்துபோய், வண்டியில் போட்டுக்கொண்டு சூடாக வருவார்கள். அப்போது மட்டும் அய்யன் எழுந்து நிற்பார். முதலில் பேக்கரியிலிருந்து டீ வரும். அதுவரைக்கும் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, மழை உண்டா, வாழை எப்படி என்றுதான். டீ குடித்த பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மோட்டாரைத் திறப்பார். மூணு பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய் இரண்டு பேஸில் ஓடின மோட்டாரில் காயில் எல்லாம் ஒரேபோலக் கருகாது. சில கட்டு கரியாகி, அடுத்த கட்டு கட்டினபடியே பளபளவென்று இருக்கும். "இங்க பாருங்க, இது நம்ம கட்டுனது, அப்படியே இருக்குது. இது எரிஞ்சிருக்குது. உங்க லைன்ல ஒரு பேஸ் வரல." குற்றம் கடையுடையது இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது. நானாக இருந்தால் அதோடு முழுக்கூலியும் கேட்டிருப்பேன். அவர் கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கூலியை விட்டுவிடுவார். "பிரிவெண்டர் ஒண்ணு மாட்டீருங்க, இல்லீன்னா மறுக்காவும் இங்கதான் வருவீங்க." ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடுகிற கருவிதான் பிரிவெண்டர்.

அதற்கும் மேலே, கடை மூலையில் அவர் இரண்டு பழைய அஞ்சு எச்பி மோனோபிளாக் பம்ப்செட் வைத்திருந்தார். விற்பனைக்கு இல்லை. சித்திரை வெயிலில் வாழை நிற்கும்போது மோட்டார் போனால், கட்டி முடிக்கிற நாள் வரைக்கும் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார். வாடகை கிடையாது. ரசீதும் கிடையாது, அதுதான் எனக்குப் பிடிக்காது. சம்சாரிக்கு மோட்டார் எரிந்ததில் வருகிற வெசனத்தைவிட, தண்ணி பாயாத நாலு நாளில் வருகிற வெசனம் பெரிது என்பது அவருக்குத் தெரியும். செல்பி எடுக்க இடமெல்லாம் அவர் வைத்ததில்லை. இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் "உங்கய்யன் மோட்டார் குடுத்துட்டாருங்க அன்னைக்கு" என்று ஆரம்பிக்கிறவர்கள்தான்.

ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையிலும் இதே சாயலைப் பார்த்திருக்கிறேன். திங்கள் ராத்திரி கூடி செவ்வாய் வரைக்கும் நடக்கும். அங்கே யாரும் பன்னீர் தெளிப்பதில்லை, நகரச் சொல்லி முழங்கையால் இடிப்பார்கள். ஆனால் வெளி மாநிலத்துக்காரர் எடுத்த சரக்கைக் கட்டி, லாரி ஆபீசில் போட்டு, ரசீதை அவர் கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அனுப்பி வைக்கிற கடைக்காரர்கள் அங்கே உண்டு. அடுத்த வாரமும் அந்த ஆள் அதே கடைக்குத்தான் வருவார்.

பெரிய கடைக்குத் திருட்டுப் பயம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். எண்ணட்டும், கவுண்டரிலேயே எண்ணிக் கட்டிக் கொடுக்கட்டும். வாசலில் நிற்கிறவர் கதவைத் திறந்துவிட்டு "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லட்டும். அந்த ஒரு 'ங்க'வுக்குக் கோட் போட்ட தம்பியைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை, நம்ம ஊரில் சும்மாவே கிடைக்கிறது.

ரொம்பப் பேசுகிறேன். என் கடையிலும் தப்பு நடக்கிறது. போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது ஒருவர் கெபாசிட்டர் கேட்டு வந்திருக்கிறார். என் கடைப் பையன் "கடை சாத்தியாச்சுங்ணா, காலைல வாங்க" என்று அனுப்பிவிட்டான். மறுநாள் வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அவர் சத்தி ரோட்டில் இன்னொரு கடையைத் திறக்கச் சொல்லி வாங்கினாராம். பையனைக் கேட்டால், "நீங்கதானுங்ணா எட்டு மணிக்கு மேல கல்லாவத் தொறக்க வேண்டாம்னீங்க" என்கிறான். சொன்னது நான்தான்.

அய்யனுடைய இரண்டு மோனோபிளாக்கில் ஒன்று இப்போதும் கடையில் இருக்கிறது. இன்னொன்று அத்தாணிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நாலு மாசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோட்டக்காரருடைய மோட்டாரைக் கட்டி வைத்து அதன் மேல் தூசியே படிந்துவிட்டது. கேட்கலாம் என்று மூணு தடவை போய்விட்டேன். போனதும் கட்டில் போட்டு எளநி வெட்டித் தருகிறார். பேச்சு எங்கெங்கோ போகிறது. கிளம்பும்போது வண்டியில் ஒரு சீப்பு நேந்திரம் கட்டிவிட்டு, தடத்து முக்கு வரைக்கும் கூடவே நடந்து வருகிறார். திரும்பி வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்துகிறபோதுதான் மோட்டார் ஞாபகம் வருகிறது.