கவாசாகி: எதிர்ப்புச் சக்தி குறைந்து வருவதல்ல

'ஏற்காடு குளிரில் எதிர்ப்புச் சக்தி குறைந்துதான் குழந்தைக்குக் கவாசாகி வந்தது, கஷாயமே போதும்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் இந்தக் கவாசாகி நோயில் எதிர்ப்பு மண்டலம் சோர்ந்துபோவதில்லை. அளவு மீறிக் கிளம்பி ரத்தக் குழாய்களிலேயே அழற்சியை உண்டாக்குகிறது. கவலை இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளைப் பற்றித்தான். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய 25 சதவீதக் குழந்தைகளுக்கு அவை புடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கி 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றினால் அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். கஷாயத்தில் கழிவதும் அதே 10 நாட்கள்தானே? 5 நாள் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, செக்கச்செவேல் நாக்கு என்றிருந்தால் உடனே சேலத்துக்கு இறங்கிக் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், எக்கோ (இதய ஸ்கேன்) தேவையா என்றும் கேளுங்கள். அப்புறம், ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.