மதம் என்ற இடத்தில் அப்பா எழுதியது

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. அவருடைய டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது ஒரு பழுத்த தாள் கிடைத்தது. நான் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அவர் எழுதிய விண்ணப்பத்தின் நகல். மதம் என்ற இடத்தில் 'கிறிஸ்தவம்' என்று அப்படி அழுத்தி எழுதியிருக்கிறார், பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறது.

அன்று அதை 'இந்து' என்று மாற்றி எழுதச் சொன்னவர் எங்களுக்கு வேண்டாதவர் இல்லை. பெரியப்பாதான். "பேப்பர்லதானேடா தம்பி? மனசுல இயேசு இருந்தா போதாதா? பிள்ளை படிப்பைப் பாரு" என்றார். "வேண்டாம்ணே" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. பெரியப்பா மகனுக்கு எஸ்.சி. சான்றிதழ், எனக்கு பி.சி. சான்றிதழ். ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே தெரு. அவனுக்கு இடம் கிடைத்த கல்லூரியில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அப்பாவோடு பல வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1950 இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியில் வர முடியும். 1956 இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990 இல் பௌத்தர்களை. கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் போனவர்களுக்கு இன்றுவரை இல்லை. மதத்தைப் பார்க்காமல் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007 இல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கு அதைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றும் நகரவில்லை. வேலை, படிப்பு மட்டும் போகவில்லை. தனித் தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டமும் துணைக்கு வராது. அடிக்கிறவன் மதம் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்த அன்று பெரியப்பா முகம்தான் கண்முன் வந்தது. அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையின் சோற்றையும் சாமியையும் இரண்டு தட்டில் வைத்து, ஏதாவது ஒன்றை எடு என்று ஒரு தகப்பனிடம் சொல்வதுதான் அநியாயம்.

கிறிஸ்தவத்துக்கு மாறியதற்காகக் கொல்லப்பட்ட புனித தேவசகாயம் என்றால் அப்பாவுக்கு உயிர். பிரசங்கத்தில் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 1752 ஜனவரி 14, காற்றாடிமலை, துப்பாக்கிச் சூடு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பா அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்வார். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம் போனது, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்தது, ஏறக்குறைய மூன்று வருடச் சிறை. "குண்டு ஒரு நாள்தாண்டா, மூணு வருஷமும் தினம் காலையில எழுந்து 'ஆமா, நான் கிறிஸ்தவன்'னு சொல்லணுமே" என்பார். அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார் என்று எனக்கு வெகு காலம் புரியவில்லை.

ஏனென்றால் அப்பாவுக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அவர் சிறுவயதில் தனிப் பக்கம்தான் உட்கார வேண்டும். திருவிழாவில் தேர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. ஒரே நற்கருணை வாங்கியவர்கள் செத்த பிறகு இரண்டு கல்லறைத் தோட்டம். எந்த விசுவாசத்துக்காக மகனின் படிப்பையே விட்டாரோ, அந்த விசுவாசத்தின் பெயராலேயே அவரை ஒதுக்கினார்கள். ஆனாலும் ஞாயிறு முதல் பூசைக்கு அவர்தான் மணி அடித்தார். மழை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை.

தேவசகாயத்துக்கு 2022 இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு ஒப்புதல் தந்த 2020 இலேயே, பெயருக்குப் பின்னால் இருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. அப்பா அன்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ரோமில் எடுத்ததை நம் ஊரில் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த 1950 ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு தினம் அனுசரிக்கிறோம். நானும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வருவேன். டெல்லியிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம், விட வேண்டாம். ஆனால் சாமிமார்களே, பங்குப் பேரவைப் பெரியவர்களே, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் நிற்கும் அந்தச் சுவரை இடிக்க எந்த ஆணையமும் வர வேண்டியதில்லை. ஒரு கடப்பாரை போதும்.

அப்பாவைப் போன மாதம் சுவருக்கு இந்தப் பக்கம்தான் வைத்தோம்.