மாத்திரை வந்தாச்சு, நடக்க நேரம் யார் தருவது?

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், மறுபேச்சே இல்லை. ஆனால் டாக்டர் சொல்கிற "தினமும் நடங்கம்மா" மட்டும் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது. கேட்டால், "நாள் பூரா வீட்டுக்குள்ள நடந்துட்டுத்தானே இருக்கேன்?" என்பார்கள்.

இந்தப் பதிலை நான் கேலி செய்ய மாட்டேன். ஏற்கவும் மாட்டேன். பாத்திரம், துணி, மாடு என்று உடம்பு ஓய்ந்துதான் போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நாலு எட்டு வைத்து நிற்கிற வேலையில், மூச்சு வாங்கி இதயம் வேகமெடுத்து, அது கொஞ்ச நேரம் நீடிப்பது அபூர்வம். (களை வெட்டுகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள் கணக்கு வேறு.) நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிடம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாமல். வேலை செய்கிற தசை, இன்சுலின் சரியாக எடுபடாத உடம்பிலும் ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும் என்பதால்தான் இந்த இடைவெளிக் கணக்கு.

பெண்களுக்கு இதை ஏன் தனியாகச் சொல்கிறேன்? மாதவிடாய் நிற்கும் வயது வரை, அதே வயது ஆண்களைவிடப் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. சுகர் வந்துவிட்டால் அந்தச் சலுகை பெருமளவு போய்விடும். மாரடைப்பு வந்தாலும் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயணும் என்றில்லை. மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி. சுகரால் நரம்பு பாதித்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். நம் வீடுகளில் உடனே "வாயுதான்" என்று ஓமத்தண்ணி கொடுத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு இசிஜி எடுங்கள்.

சரி, நேரம்? காலையில் ஷூ மாட்டி மைதானத்துக்குப் போகிற ஆண்களை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். அவர் திரும்பி வரும்போது காபி தயாராக இருக்க வேண்டும் என்பதால் வீட்டம்மா அடுப்படியில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் சுகர்! இதைப் பெண்களின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். காபியை அவர் போடட்டும், டிபன் அரை மணி தள்ளிப் போகட்டும். காலையில் முடியாதென்றால், ராத்திரி களி தின்றதும் பாத்திரத்தைத் தொடாமல் தெருவில் கால் மணி நேரம் நடக்கலாம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கு அது நன்றாகவே கேட்கும்.

அப்புறம், வீட்டம்மாவுக்கும் ஒரு ஷூ வாங்குங்கள். சேலைக்கு ஷூவா என்று கூச்சப்படுவார், வாங்குங்கள். பாதம் மரத்துப்போனவருக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பில் முள் ஏறினால்கூடத் தெரியாது. இன்சுலினோ, சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் இடுப்புச் சுருக்குப்பையில், சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது புதிதாக நெஞ்சு அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ அங்கேயே நின்று 108-ஐ அழையுங்கள்.