முதல் சுகாதார அமைச்சர் சுசீலா நய்யார் இல்லை

"சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் சுசீலா நய்யார், டெல்லி எய்ம்ஸைக் கொண்டுவந்ததும் அவர்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுர். 1947 முதல் 1957 வரை, நேருவின் அமைச்சரவையில். எய்ம்ஸ் மசோதாவை 1956 பிப்ரவரியில் மக்களவையில் தாக்கல் செய்தவர் அவர்தான், அதற்கு நியூசிலாந்தின் நிதியுதவி கிடைத்தது, சிம்லாவில் இருந்த தன் வீட்டையே எய்ம்ஸ் ஊழியர்கள் ஓய்வெடுக்கக் கொடுத்துவிட்டார். இவ்வளவு செய்தவருடைய பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று புரிகிறது. இருவருமே காந்தியோடு நெருக்கமாக இருந்தவர்கள். அம்ரித் கவுர் அவருடைய செயலாளர், சுசீலா நய்யார் அவருடைய மருத்துவர். சுசீலாவும் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தார், ஆனால் அது 1962 முதல் 1967 வரை. சேவாகிராமில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது அவருடைய சொந்தச் சாதனை, அதைச் சொல்லலாமே.

அப்புறம் அதே செய்தியில், ஊர் அரசு மருத்துவமனைக்கெல்லாம் மத்திய அமைச்சர்தான் பொறுப்பு என்றும் இருக்கிறது. அதுவும் சரியில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆவது இனத்தைப் பாருங்கள்: பொது சுகாதாரம், மருத்துவமனைகள் எல்லாம் மாநிலத்தின் கையில்.

எய்ம்ஸ் இணையதளத்திலும் மக்களவை விவாதப் பதிவுகளிலும் மற்றதைச் சரிபார்க்கலாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.