பூனை பழிவாங்கல, அதுக்கு வலிக்குது

"ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தேன், அந்தக் கோபத்துல என் மெத்தையிலயே ஒண்ணுக்குப் போயிருக்கு, திமிரப் பாருங்க." பூனை வளர்க்கிறவங்க யார்கிட்ட பேசினாலும் இந்தப் பேச்சு வந்துடுது. நாலு அடி போட்டேன், மூக்கப் பிடிச்சு அதுலயே தேய்ச்சேன்னு சிலர் பெருமையா வேற சொல்றாங்க, கேக்கும்போதே வயிறு எரியுதுங்க. நேத்து நடந்ததுக்கு இன்னிக்கு கணக்கு தீர்க்கிற புத்தி பூனைக்குக் கிடையாது. அது மனுசங்களோட குணம், நாமதான் அத பூனை தலையில கட்டுறோம்.

லிட்டர் பாக்ஸ்ல, அதான் பூனை ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போக மண் போட்டு வைக்கிற தட்டுல, ஒழுங்கா போயிட்டிருந்த பூனை திடீர்னு அதுக்கு வெளிய ஒண்ணுக்குப் போகுதுன்னா முதல் சந்தேகம் உடம்பு மேலதான் வரணும். நீர்ப்பையில புண்ணோ வீக்கமோ இருந்தா போகும்போது எரியும், அந்த வலியை அது பாக்ஸோட சேர்த்து மனசுல பதிச்சுக்கும், அப்புறம் மெத்தை, துணிக்கூடைன்னு மெத்துனு இருக்கிற இடமா தேடும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

கடுவன் பூனை வச்சிருக்கவங்க இத கட்டாயம் படிங்க. அதுக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல், மூத்திரத்துல உண்டாகிற உப்புத்துகள், கிரிஸ்டல்னு சொல்வாங்க, அது சேர்ந்து அடைச்சுக்கிட்டா அடிக்கடி பாக்ஸுக்குப் போய் உக்காந்து முக்கும், ஒரு சொட்டு வரும் இல்ல வராது, கத்தும், அந்த இடத்தையே நக்கிட்டிருக்கும். மலச்சிக்கல்னு நினைச்சு எண்ணெய் குடுத்துட்டு நாளைக்குப் பாக்கலாம்னு விடுறாங்க. அடைப்பு முழுசா இருந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி ஒண்ணு ரெண்டு நாள்லயே செத்துக்கூடப் போகலாம். ராத்திரியானாலும் பரவாயில்ல, உடனே வெட் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

சரி, டெஸ்ட் எடுத்தாச்சு, கல்லும் இல்ல இன்ஃபெக்‌ஷனும் இல்லைங்கிறாங்க, அப்போ திமிருதானேன்னு கேப்பீங்க. இல்ல. இந்த நீர்ப்பைத் தொந்தரவோட வர்ற பூனைங்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான், காரணம்னு ஒண்ணும் சிக்காது, ஸ்ட்ரெஸ் ஆனா அது கிளம்பும். அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில பண்ண ஆராய்ச்சி 2011ல வந்துச்சு, சாப்பாட்டு நேரமும் பாத்துக்கிற ஆளும் மாறினதுமே நோயே இல்லாத பூனைங்ககூட வாந்தி எடுத்துச்சு, சாப்பாட்ட குறைச்சுச்சு, பாக்ஸுக்கு வெளிய போச்சு. ரெண்டு நாள் பூட்டின வீட்ல இருந்த பூனைக்கு என்ன ஆகியிருக்கும்னு இத வச்சு யோசிங்க. புது சோஃபா, ட்ரில்லிங் சத்தம், ஜன்னல் வெளிய வந்து முறைக்கிற தெருப்பூனை, எல்லாமே அதுக்குப் பெரிய விஷயம்தான்.

வலிச்சா கத்தாதான்னு கேட்டா, மூத்திரம் அடைச்ச மாதிரி தாங்க முடியாத வலின்னா கத்தும், மத்தபடி பெரும்பாலும் கத்தாது. வீட்டுப் பூனையோட மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, தனியா வேட்டையாடுற ஜாதி, எலியப் பிடிக்கிற அதையே பிடிச்சுத் திங்கவும் பெரிய மிருகங்க இருந்துச்சு, முடியலன்னு வெளிய காட்டினா அன்னிக்கே முடிஞ்சுது. அதனாலதான் வலியில கட்டிலுக்கு அடியில போய் ஒளியுது, சில சமயம் வலியிலயே புர்ர்ர்னு சத்தம் குடுக்கவும் செய்யும், நாம சந்தோஷமா இருக்குன்னு நினைச்சுக்குவோம்.

இன்னொண்ணு, பூனை ஒண்ணுக்குப் போன இடத்தைக் கழுவுறேன்னு ஃபினாயில் ஊத்தாதீங்க. அந்த மாதிரி பொருளை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் கம்மி, கால்ல பட்டத நக்கினா விஷம். மூத்திரத்தையே உடைச்சு வாடையைப் போக்குற என்சைம் க்ளீனர் போட்டு வாடை சுத்தமா போற வரைக்கும் துடைங்க, வாடை இருந்தா திரும்ப அங்கயேதான் போகும். ரெண்டு பூனை இருந்தா மூணு பாக்ஸ் வைங்க, மூணையும் ஒரே மூலையில வரிசையா வைக்காதீங்க, தினமும் அள்ளுங்க.

பாக்ஸுக்கு வெளிய ஒண்ணுக்குப் போகுதுங்கிற ஒரே காரணத்துக்காக பூனையை சாக்குல கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வர்றாங்க, வீட்டுக்குள்ளயே வளர்ந்த பூனை அங்க நாய்கிட்டயும் வண்டிகிட்டயும் எத்தன நாள் தாக்குப்பிடிக்கும்? உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது அந்த முடிவுல இருந்தா, முதல்ல ஒரு யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, கூடப் போக ஆள் இல்லைன்னா நீங்களே போங்க.