ஒரு வரி எழுதித் தர மனம் வரவில்லை

சென்ற திங்கட்கிழமை குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பாலத்தருகே என் வண்டி நின்றுபோன கதை உங்களில் பலருக்கும் தெரியும். மழையில் எடுத்த அந்தப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். அதை முழுவதும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் சர்வீஸ் செய்த கார், என்ஜின் எண்ணெய் எல்லாம் ஒழுகி வழியில் நின்றது, அவ்வளவுதான். இதை எழுத வைத்தது வண்டி நின்றது அல்ல. நேற்று மாலை அதே சர்வீஸ் நிலையத்தில் என் கையில் தந்த ஜாப் கார்டு, அதாவது வண்டியில் என்ன குறை, என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதித் தரும் தாள். அதில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘எண்ணெய் கசிவதாக வாடிக்கையாளர் தெரிவித்தார். சோதிக்கப்பட்டது. தற்போது கசிவு இல்லை.’

தற்போது கசிவு இல்லை என்பது உண்மைதான். கசிய வேண்டியதெல்லாம் தக்கலைக்கும் குழித்துறைக்கும் இடையில் தேசிய நெடுஞ்சாலையிலேயே கசிந்து முடிந்துவிட்டதே!

வெள்ளிக்கிழமை என்ஜின் ஆயில் மாற்றினார்கள். ஆயில் சேம்பரின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புது வாஷர் போட்டு, போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் அந்த அளவு 35, 40 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். அதைப் பார்த்து முறுக்கத்தான் டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவியைக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து, மழைச் சகதியில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் சொன்னது இது: “அண்ணா, போல்ட்டு கையாலே கறங்குது. வாஷரும் பழசுதான்.” நான் குனிந்து செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன், அவர் இரண்டு விரலால் அந்தப் போல்ட்டைப் பம்பரம்போலச் சுற்றிக் காட்டினார். என் பில்லில் புது வாஷருக்கு 35 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு வரியும் தனியாக.

தவறு நடந்தது என்பதற்காக நான் கோபப்படவில்லை. இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன பதிவைப் படித்த சிலர் என்னை ஈவிரக்கமில்லாதவனாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் இருபது வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றுகிற இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்க மறப்பது மனிதர்களுக்கு நேரக்கூடியதுதான். நான் கேட்டது இழப்பீடு அல்ல, மன்னிப்புக் கடிதம் அல்ல. ‘சர்வீஸின்போது ட்ரெயின் போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை, அதனால் எண்ணெய் ஒழுகியது’ என்ற ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதித் தர அந்த நிலையத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மாறாக மூன்று விளக்கங்கள் கிடைத்தன. முதலில், எங்கள் மாவட்டத்துச் சாலைகள் சரியில்லையாம், அடியில் கல் அடித்திருக்குமாம். சாலைகள் சரியில்லை என்பதை ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சேம்பரில் ஒரு கீறல்கூட இல்லாமல், போல்ட்டின் தலையில் ஒரு வடுகூட இல்லாமல், அதை இடப்பக்கமாகத் திருகித் தளர்த்திவிட்டுப் போகிற கல் எந்தக் குவாரியில் கிடைக்கிறது என்று தெரிந்தால் நானும் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வேன். ஸ்பானர் செலவாவது மிஞ்சும்.

இரண்டாவது விளக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. “சார், ரெட் லைட் வந்ததும் நீங்க வண்டிய ஆஃப் பண்ணியிருக்கணும்” என்றார் மேலாளர். இதே கேள்வியை நண்பர்கள் இரண்டு பேரும் கேட்டிருந்தீர்கள், அதனால் பதில் சொல்கிறேன். டேஷ்போர்டில் எரிந்த அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைச் சொல்லும் விளக்கு அல்ல. எண்ணெயின் அழுத்தத்தைச் சொல்லும் விளக்கு. அது எரியும்போது சேம்பரில் எண்ணெய் ஏற்கெனவே அடிமட்டத்துக்குப் போய், பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில் இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் போய், உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கியிருக்கும். உடனே நிறுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பின்னால் அரசுப் பேருந்து ஒலிப்பானை அடித்துக்கொண்டு நிற்க, பாலத்தின் நடுவில், எழுபத்து நான்கு வயது அம்மாவை வைத்துக்கொண்டு நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பாலத்துக்கு வந்து பார்க்கலாம். பாலத்தைத் தாண்டியதும் நிறுத்தினேன். அரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த அரைக் கிலோமீட்டருக்கு நான் பொறுப்பு, சரி. அதற்கு முன்பு ஒழுகிய எண்ணெய்க்கு யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் தரையில் இரண்டு துளிகளை என் மனைவி பார்த்துச் சொன்னாள் என்பதையும், ஏசித் தண்ணீராக இருக்கும் என்று நான் குனிந்து தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். தொட்டிருந்தால் வழவழப்பு தெரிந்திருக்கும். பாருங்கள், ஒப்புக்கொள்வது எவ்வளவு எளிது. ஒரு வரிதான் ஆனது.

மூன்றாவது விளக்கம் நல்லெண்ணம். புது எண்ணெயையும் ஃபில்டரையும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ கட்டணம் இல்லாமல் மாற்றித் தந்தார்களாம்; கூடவே வண்டியை இலவசமாகக் கழுவியும் தந்தார்களாம். ஊற்றிய எண்ணெயை ஒழுகவிட்டவர்களிடம் நல்லெண்ணமாவது ஒழுகாமல் இருக்கிறதே என்று மகிழ்ந்திருப்பேன். ஆனால் தவறு செய்தவன் சரிசெய்து கொடுப்பதற்குப் பெயர் நல்லெண்ணம் இல்லை, கடமை. நல்லெண்ணம் என்று எழுதிவிட்டால் தவறு என்ற சொல் தேவைப்படாது. அதற்காகத்தான் அந்தச் சொல்.

‘வெறும் ஒரு வரிக்கா இவ்வளவு பெரிய பதிவு?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம், அந்த வரிக்குத்தான். எண்ணெய் இல்லாமல் ஓடிய என்ஜினின் பேரிங் இன்றைக்கே உடையாது. இப்போது காதை வைத்துக் கேட்டால் லேசாக ஒரு ‘டொக் டொக்’. அவர்கள் அதை நார்மல் என்கிறார்கள். இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஆரல்வாய்மொழிக் காற்றில் எங்கோ ஓரிடத்தில் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், நான் கட்டணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு வாரண்டியைக் காட்டுவேன். அவர்கள் கணினியைத் திறந்து, ‘கசிவு என்று சொன்னீர்கள், சோதித்தோம், இல்லை’ என்று படிப்பார்கள். அப்போது அந்த ஒரு வரி எங்கே என்று நான் யாரிடம் கேட்பது?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியதுதானே என்று நேற்றிலிருந்து ஏழு பேர் அறிவுரை சொல்லிவிட்டார்கள். சட்டம் எனக்கும் தெரியும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே போடலாம். வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம். எல்லாம் சரி. அங்கே கேட்கப்போகிற முதல் கேள்வி ஆவணம் எங்கே என்பதுதான். என்னிடம் இருப்பது ஒரு செல்பேசிப் படம், சாலையோரத்தில் உதவிய ஒரு மனிதரின் வாய்ச்சொல், ‘தற்போது கசிவு இல்லை’ என்ற ஒரு தாள். அந்தத் தாளை அப்படி எழுதியதே நான் அங்கே போனால் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன். என் சந்தேகம் தவறு என்றால் சந்தோஷம். ஒரு வரி எழுதித் தந்து நிரூபிக்கட்டும்.

‘பெரிய ஷோரூமில் விட்டது உன் தப்பு, நம் ஊர்க்காரரிடம் விட்டிருக்கலாம்’ என்றும் ஒரு கட்சி இருக்கிறது. வாரண்டி உள்ள வண்டியை வெளியே விட்டால் என்ன பேச்சு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதது போலப் பேசுகிறார்கள். சின்னப் பட்டறைகள் எல்லாம் சத்தியசந்தர்கள் என்றும் இல்லை. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, கூலண்டுக்குக் காசு வாங்கிய ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். இது பெரிய கடை, சின்னக் கடை விஷயமே அல்ல.

என் அப்பா பள்ளி ஆசிரியர். தக்கலையில் ஒரு அயனி மரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரியிடம்தான் எங்கள் பழைய அம்பாசிடர் போகும். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் ஸ்டியரிங் பக்கம் ஏதோ வேலை பார்த்து வண்டியை அப்பா எடுத்து வந்துவிட்டார். இரவு ஒன்பதரைக்குக் கடைசிப் பேருந்தில் அந்த மேஸ்திரி எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: ஒரு ஸ்ப்ளிட் பின், கம்மல் அளவுக்குத்தான் இருக்கும். “சாறே, இது ஒங்க வண்டிக்க பின்னு. பட்டறையப் பெருக்கும்போ கெடச்சுது. நான் போட மறந்துட்டேன்.” நட்டு கழன்று வராமல் பிடித்துவைக்கும் பின் அது. டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மணலில் மல்லாக்கப் படுத்து, அதைச் செருகி, இரண்டு காலையும் குறடால் விரித்து மடக்கிவிட்டு எழுந்தார். அப்பா ஒரு சொல்லும் ஏசவில்லை. அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். திரும்பிப் போகப் பேருந்து இல்லாததால் அப்பா அதே வண்டியில் அவரைக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டியை வேறு யார் கையிலும் அப்பா கொடுக்கவில்லை. அம்பாசிடர் தயாரிப்பையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அவரும் மறந்தார், இவர்களும் மறந்தார்கள். அவர் பின்னை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார். இவர்கள் ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர் தெரிவித்தார்’ என்று எழுதினார்கள்.

இனி, என் வண்டியின் போல்ட்டை முறுக்க மறந்த அந்தப் பையனைப் பற்றி. ஐடிஐ முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த பையன் என்றார்கள். ‘பாவப்பட்ட வீட்டுப் பையன் வயிற்றில் அடிக்கிறாயே’ என்று எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் கவனிக்கவும்: நான் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேற்று மேலாளர் தாமாகவே, “அந்தப் பையன நிறுத்திட்டோம் சார், போதுமா?” என்றார். போதுமா என்று என்னைக் கேட்கிறார்! வேலை பழகுகிறவன் முறுக்கிய போல்ட்டை இன்னொருவர் சரிபார்த்து அதன்மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நல்ல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மேற்பார்வையாளர் அதே மேசையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரி எழுதுவதைவிட ஒரு பையனை வீட்டுக்கு அனுப்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது, அந்தப் பாவமும் இப்போது என் தலையில்.

உண்மையைச் சொன்னால், வாரண்டி, ஆணையம் என்று இவ்வளவு எழுதியதெல்லாம் இரண்டாம்பட்சம். அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் கண் பரிசோதனைக்கு இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ரெக்கவரி வண்டி வந்து காரை ஏற்றும்போது, “எனக்காண்டி இவ்வளவு செலவு வேண்டாம் மக்களே” என்றாள். தன்னால்தான் வண்டி கெட்டது என்பது போல. நேற்று அந்த மேலாளரிடம் நாற்பது நிமிடம் பேசினேன். வண்டியில் வயதானவர் இருந்தார் என்று இரண்டு முறை சொன்னேன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஜாப் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இது தர்க்கம் இல்லை என்பது தெரியும்.

இன்று காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். சர்வீஸ் திருப்தியாக இருந்ததா, பத்துக்கு எத்தனை மதிப்பெண், ஒன்பதுக்குக் கீழே போட்டால் எங்களுக்குப் பிரச்சினை ஆகும் சார், என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன பயன். பிறகு சொல்கிறேன் அம்மா என்று வைத்துவிட்டேன். ஒரு வரி கிடைக்கும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கழுவித் துடைத்த வண்டி அங்கேயே நிற்கட்டும்.

அம்மாவுக்கு வியாழக்கிழமைக்கு மறுபடி நேரம் கிடைத்திருக்கிறது. வடசேரியிலிருந்து பேருந்தில் போகிறோம்.